போலீசுக்காகவா லைசென்ஸ்?



"தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை" என்று நம்ம வேலூரைக் கேலி பேசுவது பழைய வழக்கம். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் சாமி வந்துவிட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நாமே பாலத்தில் நின்று பார்த்தோம். ஆக, அந்தக் கேலியில் பாதி பொய்யாகிப் போனது. காலியான இடத்தில் நான் ஒன்றைச் சேர்க்க ஆசைப்படுகிறேன். "லைசென்ஸ் இல்லாத ஆளு, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி!"

கோபப்படாதீர்கள். போன மாதம் எங்கள் வகுப்பில் ஆசிரியர் வராத ஒரு பீரியடில் சும்மா கேட்டுப் பார்த்தேன். வண்டியில் வருகிறவர்கள் எல்லாம் கை தூக்கினார்கள். லைசென்ஸ் இருக்கிறவர்கள் மட்டும் தூக்குங்கள் என்றேன். பாதிக் கை இறங்கிவிட்டது. வண்டியின் இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது, தெரிந்தவர்கள் மட்டும் தூக்குங்கள் என்றேன். ஒரு கையும் மிச்சமில்லை. அதில் என் கையும் சேர்த்திதான்.

"செக்போஸ்ட் எங்க நிக்குதுன்னு தெரியும்டா, சந்துல பூந்து வந்துருவேன்" என்றான் ஒரு நண்பன். எல்லோரும் சிரித்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே வார்த்தையை என் மாமாவும் ஒரு காலத்தில் சொன்னவர்.

மாமா வாங்கிய வண்டி

என் அம்மாவின் தம்பி ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கிறார். பஸ்சுக்கு நின்று நின்று லேட்டாகி, கூலியில் பிடித்தம் ஆகி, கடைசியில் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய எக்ஸ்.எல். ஒன்றை வாங்கினார். பணத்தைக் கொடுத்தார், சாவியையும் ஆர்.சி. புக்கையும் வாங்கினார், வண்டிக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினார். அவ்வளவுதான், வண்டி தன்னுடையது என்று நினைத்துக்கொண்டார். பெயர் மாற்றவில்லை. இன்சூரன்ஸ் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்ததை யாரும் பார்க்கவில்லை. லைசென்சும் கிடையாது. "பத்து கிலோமீட்டர் போய் வர்றதுக்கு எதுக்குப்பா அதெல்லாம்?" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாள் சாயங்காலம். கம்பெனி விட்டு வரும்போது சர்வீஸ் ரோட்டைக் கடந்த ஒரு வயதான அம்மா மேல் வண்டி மோதிவிட்டது. மாமாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்துபோனது.

ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாள் செலவைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. 2021 டிசம்பரில் நம் மாநில அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் இடுப்பு எலும்பு 48 மணி நேரத்தில் கூடிவிடுமா? அந்த அம்மா டேனரி ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தவர். வேலைக்குப் போனால்தான் கூலி. மாதக் கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

அவர் வீட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார்கள். போட வேண்டியதுதானே? நோட்டீஸ் முதலில் யாருக்குப் போனது தெரியுமா? வண்டியை விற்ற மனிதருக்கு! ஆர்.சி. புக்கில் இன்னும் அவர் பெயர்தானே இருக்கிறது. பணம் வாங்கி வண்டியைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது, பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மனிதர் நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முதலில் கத்தினார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து அழுதார்.

கடைசியில் என்ன ஆனது? மாமா வாங்கிப் போட்டிருந்த ஒன்றரை சென்ட் மனை போனது. எங்கள் அம்மாவின் செயின் அடகுக் கடைக்குப் போனது. அதை நாங்கள் இன்னும் மீட்கவில்லை. என் மூன்றாவது செமஸ்டர் பீசை நைனா கம்பெனியில் முன்பணம் வாங்கிக் கட்டினார்.

இடித்தவரும் நம்ம ஆள்தான், இடிபட்டவரும் நம்ம ஆள்தான். இரண்டு வீடும் தோலை நம்பிப் பிழைக்கிற வீடு. இரண்டு வீடும் சேர்ந்தே விழுந்தன. வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்கூட ஆகாத ஒரு காகிதம் இருந்திருந்தால் இரண்டு வீடும் நின்றிருக்கும்.

யாருக்காக இந்த இன்சூரன்ஸ்?

நம்மில் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. "என் வண்டி, எனக்கு அடிபட்டா நான் பாத்துக்குறேன், இன்சூரன்ஸ் எதுக்கு?" என்கிறோம். நண்பா, சட்டம் கட்டாயம் என்று சொல்லும் இன்சூரன்ஸ் உனக்காக இல்லை! 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு கேட்பது 'மூன்றாம் நபர்' காப்பீடு. வண்டிக்காரர் முதல் நபர், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாம் நபர், ரோட்டில் நடந்து போகிற அந்த அம்மா மூன்றாம் நபர். நாம் தவறு செய்தால் அவருக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றுமில்லை என்பது சட்டத்துக்குத் தெரியும். அதனால்தான் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டு ரோட்டுக்கு வா என்கிறது. இதில் என்ன கொடுமை இருக்கிறது, சொல்லுங்கள்!

விலை என்ன? 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 75 சி.சி. வரையுள்ள வண்டிக்கு வருடத்துக்கு 538 ரூபாய், 75-க்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய், வரி தனி. வரியோடு கணக்குப் போட்டாலும் ஒரு நாளைக்கு இரண்டேகால் ரூபாய் சொச்சம். நம்ம கேன்டீன் டீயின் விலை எவ்வளவு? இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய். டிப்ளமோ படிக்கிற நமக்கு இந்தக் கணக்கைப் போட கால்குலேட்டர் வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்க நடவடிக்கை வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். உடைந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்தவருக்குத்தானே அதன் வலி தெரியும்! அந்த வழக்கில் 2018 ஜூலையில் வந்த உத்தரவால், 2018 செப்டம்பர் 1 முதல் புதிதாக விற்கும் ஒவ்வொரு இரு சக்கர வண்டிக்கும் ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமானது. வருடா வருடம் புதுப்பிக்க மறந்துபோகிற நம் குணத்தைப் பார்த்துப் போட்ட உத்தரவு அது. ஆனால் ஐந்து வருடம் முடிந்த பிறகு? 2019-இல் ஷோரூமிலிருந்து மாலை போட்டு வந்த வண்டியின் இன்சூரன்ஸ் 2024-லேயே முடிந்திருக்கும். "ஷோரூம்லயே போட்டுக் குடுத்துட்டாங்க" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து தேதியைப் பாருங்கள். காகிதம் கிடைக்கவில்லையா? எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைத் தட்டினால் தேதி தெரிந்துவிடும்.

லைசென்ஸ் இல்லாத இன்சூரன்ஸ்

"சரிப்பா, இன்சூரன்ஸ் போட்டாச்சு, லைசென்ஸ்தான் இல்ல. பாதி நிம்மதிதானே?" என்று கேட்கலாம். இந்தக் கட்டுரையை நான் எழுத முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவனுக்கு இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஓட்டைக் குடை.

எப்படி? வண்டி உரிமையாளரே ஓட்டிப்போய் இறந்தாலோ ஊனமானாலோ கிடைக்கிற தனிநபர் விபத்துக் காப்பீடு 2018 முதல் 15 லட்சம் ரூபாய். இது எவ்வளவு பெரிய தொகை! ஆனால் அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. லைசென்ஸ் இல்லையென்றால் பிரீமியம் கட்டியும் குடும்பம் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

அடுத்தவருக்கு அடிபட்டாலும் சிக்கல் உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் கையில் உரிமையாளர் வண்டியைக் கொடுத்தார் என்று நிரூபணமானால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த உரிமையாளரிடமே வசூல் செய்துகொள்ளும்படி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீதிமன்றம் சொல்லலாம். 2004-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது. அடிபட்டவர் பிழைத்துக்கொள்வார், அது நியாயம். ஆனால் வண்டி யார் பேரில் இருக்கிறது? நம் அப்பா பேரில்!

வண்டியின் பின்சீட்டில் உட்காருகிற நண்பர்களே, நீங்களும் கேளுங்கள். வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருக்கிற வண்டியில், பின்னால் சும்மா ஏறி வருகிறவருக்கு அந்தப் பாலிசியில் இழப்பீடு இல்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கும் சேர்த்துத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும், அல்லது முழுமையான பாலிசியாக இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ட்ரிபிள்ஸ் போகிறபோது இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நண்பன் வண்டியைக் கேட்டு வாங்கி ஓட்டுவதும் அப்படித்தான். இரவல் வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்பது 2009-இல் வந்த தீர்ப்பு. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், லைசென்ஸ் இல்லாதவனுக்கு வண்டியைக் கொடுத்தவருக்கும் 5,000 ரூபாய். 'சாவி குடு மச்சான்' என்ற மூன்று வார்த்தைக்கு இவ்வளவு விலை!

முதலாம் ஆண்டு தம்பிகளுக்கு

பத்தாம் வகுப்பு முடித்து நேராக இங்கே வந்திருக்கும் தம்பிகளுக்குப் பதினைந்து, பதினாறு வயதுதான். "பதினாறு வயசுல மொபெட் லைசென்ஸ் தர்றாங்க அண்ணே" என்று சொல்வீர்கள். சட்டத்தில் அப்படி இருப்பது உண்மைதான். பெற்றோர் எழுத்து மூலம் சம்மதித்தால் 16 வயதில் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம், ஆனால் 50 சி.சி.-க்கு மேல் போகக் கூடாது. நம்ம ஊரில் ஓடுகிற எக்ஸ்.எல். 100 எத்தனை சி.சி. தெரியுமா? 99.7! அதற்கு முந்தைய எக்ஸ்.எல். சூப்பரே 69.9. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த அந்தப் பழைய டி.வி.எஸ். 50 காலத்துக்குப் பொருந்திய வயதை இன்றைய வண்டிக்குப் பொருத்திக்கொள்கிறோம். மொபெட் என்று பெயர் இருந்தால் போதாது, என்ஜினைப் பார்க்க வேண்டும். எக்ஸ்.எல். ஓட்ட 18 வயது ஆக வேண்டும், ஆக்டிவா, ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

2019-இல் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவைக் கேட்டால் பயமாக இருக்கும். 18 வயது நிரம்பாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், குற்றவாளிக் கூண்டில் நிற்பது பெற்றோரும் வண்டி உரிமையாளரும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்கத் தக்க முயற்சி எடுத்தோம் என்றோ அவர்கள் நிரூபிக்காவிட்டால் மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. ஓட்டியவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. டிப்ளமோ முடித்து, வேலைக்குச் சேர்ந்து, கல்யாண வயதும் வந்த பிறகும் பஸ்சில்தான் போக வேண்டும்! இரண்டு வருடம் பொறுங்கள் தம்பிகளா. சைக்கிள் ஒன்றும் கேவலம் இல்லை.

நைனா கேட்ட கேள்வி

மாமா வழக்கு முடிந்த பிறகு நான் எங்கள் நைனாவிடம் பேசினேன். அவர் டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவர். பதினைந்து வருடமாக எக்ஸ்.எல். ஓட்டுகிறார், லைசென்ஸ் கிடையாது. "ஏன் நைனா எடுக்கல?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"படிக்காதவனுக்கு எவன்டா லைசென்ஸ் குடுப்பான்?"

பதினைந்து வருடமாக அவர் சந்து சந்தாகச் சுற்றி வேலைக்குப் போனது திமிரினால் அல்ல. படிக்காதவனுக்கு அந்த வாசலுக்குள் இடமில்லை என்று நம்பியதால்! நண்பர்களே, இரு சக்கர வண்டி லைசென்ஸ் எடுக்கப் படிப்புத் தகுதி எதுவும் கிடையாது. எல்.எல்.ஆர். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். சாலைச் சின்னங்களும் விதிகளும்தான் கேள்விகள். நாற்பது வயதைக் கடந்தவர் டாக்டர் சான்றிதழ் ஒன்று வைக்க வேண்டும். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்து, ஆறு மாதத்துக்குள் வண்டியை 'எட்டு' போட்டுக் காட்ட வேண்டும். பதினைந்து வருடமாகக் குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு எட்டு போடுவது ஒரு பெரிய விஷயமா?

இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சாலைச் சின்னங்களைச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு ஆனா ஆவன்னா கற்றுக்கொடுக்க முடியவில்லையே என்று வருந்திய மனிதர், என் பக்கத்தில் ஸ்கூல் பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். ஒரு நாள் இருவரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனோம். எட்டு போடும்போது எனக்குக் கால் தரையில் ஊன்றிவிட்டது, நான் இரண்டாவது தடவைதான் தேறினேன். நைனா முதல் தடவையே தேறினார்! அந்த அட்டை தபாலில் வந்த அன்று அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மறுநாள் மெயின் ரோட்டிலேயே வேலைக்குப் போனார்.

நாம் என்ன செய்யலாம்?

"போலீஸ் ஏழைகளைத்தானே பிடிக்குது? ரோடு சரியில்லையே, கம்பெனி விடுற நேரத்துக்கு பஸ் இல்லையே, அதைக் கேக்க மாட்டியா?" என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கேட்போம், சேர்ந்தே கேட்போம். பாலிசியைத் தமிழில் அச்சடித்துக் கொடு என்றும் கேட்போம். எங்கள் வீட்டுப் பாலிசி முழுக்க ஆங்கிலம், அகராதி வைத்துத்தான் படித்தேன். ஆனால் 2022-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் நம் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ரோடு சரியாகும் வரை விபத்து நமக்காகக் காத்திருக்காது.

மாணவர் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, ஒவ்வொரு ஆண்டும் கல்லூரி திறந்ததும் 18 வயது நிறைந்தவர்களுக்கு எல்.எல்.ஆர். விண்ணப்ப முகாம் ஒன்று நடத்துங்கள். விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போடுகிற நமக்கு இது முடியாததா? இரண்டு, அந்த முகாமுக்கு நம் அப்பா அம்மாவையும் கூப்பிடுங்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் அக்காக்களையும் கூப்பிடுங்கள். புரோக்கரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கு, விண்ணப்பத்தை நாமே பூர்த்தி செய்து கொடுக்கலாம்.

நம்மில் பலர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். "படிச்சு என்னத்தைக் கிழிச்ச?" என்று ஊரில் கேட்பார்கள். வேலை கிடைக்கும்போது அதற்குப் பதில் சொல்வோம். அதற்கு முன்னாலேயே சொல்லக்கூடிய பதில் ஒன்று வீட்டுப் பீரோவில் மடித்து வைத்த காகிதத்தில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நாம்தான். நம் மாமா படிக்கவில்லை, அவருக்குப் படித்துச் சொல்ல அன்று ஆள் இல்லை. நான் அப்போது முதலாம் ஆண்டு. வீட்டில்தான் இருந்தேன். வண்டி வாங்கிய அன்று பொட்டு வைக்க மஞ்சள் குங்குமம் எடுத்துக் கொடுத்தவனே நான்தான். ஆர்.சி. புக்கை ஒரு தடவை பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

உங்களுக்காவது தோன்றட்டும். இன்றைக்கே தோன்றட்டும்!

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை